காரைக்குடிக்கு வந்த கார்: தேர்ந்தெடுத்தது யார்?

காரைக்குடி என்ற பெயருக்குள்ளேயே ஒரு கார் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் காரைக்கும் மோட்டார் காருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது காரை என்கிற முட்செடி. அந்தச் செடி மண்டிக் கிடந்த இடம் என்பதால் ஊருக்கு அப்படிப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். மோட்டார் கார் அந்த ஊருக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. அதுவும் கடல் தாண்டி வந்தது.

இன்றைக்குக் காரைக்குடியில் ஒரு குடும்பம் புதுக் கார் வாங்கக் கிளம்பினால் என்ன நடக்கும்? அப்பா மைலேஜ் கேட்பார். அம்மா பின் சீட்டில் மூன்று பேர் நெருக்காமல் உட்கார முடியுமா என்று பார்ப்பார். பையன் டச் ஸ்கிரீனை நோண்டிக்கொண்டிருப்பான். தாத்தா ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு "குனிஞ்சு ஏற முடியலப்பா" என்பார். நாலு ஷோரூம் ஏறி இறங்கி, மச்சானிடம் கேட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, கடைசியில் ஒரு வண்டியை முடிவு செய்வார்கள். அலசி ஆராய்ந்து தாங்களே தேர்ந்தெடுத்த வண்டி என்று அவர்களுக்குத் திருப்தி.

ஆனால் ஷோரூமில் கொடுக்கிற விவரத் தாளில் ஒரு வரியை யாரும் படிப்பதில்லை. வண்டியின் நீளம். மாருதி டிசையர் 3,995 மில்லிமீட்டர். ஹூண்டாய் வென்யூ 3,995 மில்லிமீட்டர். டாடா நெக்ஸான் 3,995 மில்லிமீட்டர். ஒன்று ஜப்பான் தொடர்புள்ள கம்பெனி, ஒன்று கொரியா, ஒன்று இந்தியா. ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். இருந்தும் மூன்று பேரும் 4 மீட்டருக்குச் சரியாக 5 மில்லிமீட்டர் முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டது எப்படி?

அந்த 4 மீட்டர் கோட்டைப் போட்டவர் காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் கானாடுகாத்தானில் பிறந்தவர். அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பிளசர் காலம்

தென் மாவட்டக் கிராமங்களில் பழைய ஆட்கள் காரை 'பிளசர்' என்றுதான் சொல்வார்கள். பிளஷர் கார் என்பதன் சுருக்கம். கூலிக்கு ஓடுகிற பஸ், லாரி இல்லை, சொந்தச் சௌகரியத்துக்கு வைத்திருக்கிற வண்டி என்று அர்த்தம். அழகான பெயர்தான்!

சென்னையில் முதலில் பதிவான கார் 'எம்.சி. 1'. அது சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற ஆங்கிலேயருடையது. சென்னையில் முதன்முதலில் கார் வைத்திருந்த இந்தியர் என்று சொல்லப்படுபவர் உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. அவருடைய எண் 'எம்.சி. 3'. (பெயரைப் பார்த்து அவரைச் செட்டிநாட்டுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சென்னைவாசி, வேறு சமூகம்.)

செட்டிநாட்டுக்குக் கார் வருவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று பணம், இன்னொன்று தூரம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். வானம் பார்த்த பூமி. அங்கிருந்து நகரத்தார்கள் இலங்கை, பர்மா, மலாயா என்று கொண்டுவிக்கப் போனார்கள். சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறுபவன் அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். 1930ல் பர்மா அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து வீடுகளானது இந்தக் காலத்தில்தான்.

தூரம்தான் அதிகம் பேசப்படாத விஷயம். செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிற எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் கூட்டம். பெண் எடுப்பது ஒரு ஊர், கொடுப்பது ஒரு ஊர், கோயில் வேறொரு ஊர். நகரத்தார் கோயில்கள் ஒன்பது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். கல்யாணமா, சாந்தியா, துக்கமா, எதற்கும் பயணம்தான். காரைக்குடிக்கு ரயில் வந்ததே 1930 வாக்கில்தான். அதற்கு முன்னால் வில்வண்டி கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போக வேண்டும். மதுரைப் பக்கம் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களிலேயே பஸ் விட ஆரம்பித்துவிட்டார் என்றாலும், பஸ் தன் நேரத்துக்குத்தான் போகும், நம் நேரத்துக்கு வராது. ஆக, பிளசர் என்று பெயர் இருந்தாலும் அந்த வட்டாரத்தில் கார் ஓரளவுக்குத் தேவையாகவும் இருந்தது.

அந்த நாளில் ஒரு செட்டிநாட்டுக் குடும்பம் கார் வாங்க நினைத்தால், எதிரே இருந்த சந்தை இன்றைக்கு நினைத்தாலும் பொறாமைப்படும்படி இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் சிம்ப்சன், அடிசன் போன்ற கம்பெனிகள். மதுரையில் டி.வி.எஸ். அது போதாதென்றால் அவர்களே தொழில் செய்த ரங்கூன், கொழும்பு, பினாங்கு எல்லாமே துறைமுகங்கள். ஃபோர்டு, செவர்லே, பியூக், டாட்ஜ் என்று அமெரிக்காக்காரர்கள் ஒரு பக்கம். ஆஸ்டின், மாரிஸ், வோல்ஸ்லி என்று இங்கிலாந்துக்காரர்கள் மறு பக்கம்.

ஆட்சி வெள்ளைக்காரனுடையது. 1932 ஒட்டாவா ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் வண்டிக்கு இறக்குமதித் தீர்வையிலும் சலுகை உண்டு. ஆனாலும் இந்தியாவில் அமெரிக்க வண்டிகளும் நிறைய விற்றன. ஏன்?

இங்கிலாந்தின் டேப்

இங்கிலாந்தில் 1921 முதல் காருக்கு ஆண்டு வரி குதிரைசக்திக் கணக்கில் போட்டார்கள். ஒரு குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு. அதில் வேடிக்கை என்னவென்றால், இது எஞ்சின் உண்மையில் தருகிற சக்தி இல்லை. ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டு, எஞ்சினில் எத்தனை சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்வாய் அகலம் என்ன, இந்த இரண்டை மட்டும் அளந்து வரி போட்டார்கள். பிஸ்டன் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பதை அளக்கவே இல்லை.

வரிக்காரர் எதை அளக்கிறாரோ அதைத்தான் கம்பெனிக்காரர் குறைப்பார். இங்கிலாந்து எஞ்சின்கள் எல்லாம் குறுகலாகவும் நெட்டையாகவும் ஆகிவிட்டன. ஆஸ்டின் செவன் மாதிரி பொடி வண்டிகள் பெருகின. ஃபோர்டின் 'மாடல் டி' காருக்கு அங்கே வருஷத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் வரி என்றால் யார் வாங்குவார்கள்? லண்டன் தெருவுக்கு அந்தச் சின்ன வண்டிகள் போதும். ராமநாதபுரம் ஜில்லாவின் வண்டித்தடத்துக்குப் போதுமா?

அமெரிக்க வண்டிகள் வேறு மண்ணில் பிறந்தவை. அங்கேயும் அப்போது கிராமத்து ரோடுகள் சேறும் பள்ளமும்தான். அதனால் அடிப்பாகம் உயரம், ஸ்பிரிங் முரடு, எஞ்சின் பெரிது. ஆறு ஏழு பேர் ஏறி, பின்னால் மூட்டை முடிச்சும் கட்டலாம். இந்தியாவில் விற்ற ஃபோர்டு, கனடா ஃபோர்டின் வழியாக வந்தது. பேரரசுக்குள் இருக்கிற கம்பெனி, வலது பக்க ஸ்டியரிங்கும் கிடைக்கும், இரண்டு லாபம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது.

செட்டிநாட்டு வாங்குபவருக்கு இந்தப் பிரிட்டிஷ் வரிச் சூத்திரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மவுண்ட் ரோடு ஷோரூமில் ஆஸ்டினின் மெலிந்த உடம்பையும் பியூக்கின் பருத்த உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, அவர் பார்த்தது லண்டன் நாடாளுமன்றத்தின் ஒரு சட்டத்தைத்தான். அவர் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

இந்தத் தாராளச் சந்தையை அனுபவித்தது மிகச் சில குடும்பங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா நகரத்தாரும் கோடீஸ்வரர்கள் இல்லை. மேலாளுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் பிளசர் கிடையாது. அதோடு, கல்யாணத்தில் வந்த சாமானை ஒன்று விடாமல் சிட்டையில் எழுதி, பாத்திரத்தில் குடும்ப விலாசத்தைப் பொறித்து வைக்கிற சமூகம் அது. (ஏ.வி.எம். என்பது சினிமா கம்பெனி பெயராகத்தான் பலருக்குத் தெரியும். அந்த மாதிரித் தலையெழுத்துக்குத்தான் அங்கே விலாசம் என்று பெயர்.) வட்டியைக் கணக்கிட்டே வளர்ந்தவருக்குக் கார் ஒரு சங்கடமான சொத்து. வீடு நிற்கும், வைரம் நிற்கும், வயல் விளையும். கார் வாங்கின மறுநாளே விலை இறங்க ஆரம்பிக்கும்.

விட்டுவிட்டு வந்தது

1929ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பர்மாவில் அரிசி விலையை நொறுக்கியது. கடன் வாங்கிய விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை, நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930ல் சுமார் 6 சதவீதம். 1938ல் 25 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் பெரிய சொத்து. நிஜத்தில் பணம் மண்ணாக மாறி, அந்நிய மண்ணில் முடங்கிவிட்டது. பர்மியர்களின் கோபமும் சேர்ந்துகொண்டது. நிலம் இழந்தவன் கோபப்படாமல் என்ன செய்வான்?

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், காடும் மலையும் கடந்து கால்நடையாகவும் திரும்பினார்கள். கிட்டங்கி, பெட்டகம், வண்டி எல்லாம் அங்கேயே நின்றது. போருக்குப் பிறகு சுதந்திர பர்மா 1948ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது.

இங்கே ஊரிலும் போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்டுகிற 'கேஸ் பிளான்ட்' ஒன்றை டி.வி.எஸ். தயாரித்து விற்றது. காரின் அழகுக்கும் அந்த உருளைக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் ஓடியது!

எந்த க்யூவில் நிற்பது?

சுதந்திரத்துக்குப் பிறகு காசும் குறைந்தது, கடையும் மூடியது. 1949ல் முழுதாகத் தயாரான கார்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953ல் அரசு இன்னும் ஒரு படி போனது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருந்தால்தான் அனுமதி என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த ஓரிரு வருஷங்களில் கடையைக் கட்டின.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல பக்கமும் இருந்தது. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி 1949ல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. (பிறகு அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்சுக்கும் போய்விட்டது.) சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் வந்தது.

கடைசியில் நாட்டுக்கே மிஞ்சியது மூன்று. கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாய் குர்லாவின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் 1957ல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அப்படியே எடுத்துக்கொண்டு பிறந்தது. ஃபியட் இத்தாலியின் 1100, பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே வந்தது.

ஹெரால்டுக்கு இந்த வரலாற்றில் கிடைத்திருப்பதை விட நல்ல இடம் கிடைத்திருக்க வேண்டும். முன்பக்க மூடி முழுசும், மட்கார்டோடு சேர்ந்து, பெட்டகத்தைத் திறப்பது போலத் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். குறுகலான தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்பும். இங்கிலாந்தில் இரண்டு கதவு வண்டியாகவே இருந்ததை, இந்தியக் குடும்பத்துக்காகச் சென்னையில் நாலு கதவு வண்டியாக மாற்றினார்கள். ஆனால் செட்டிநாட்டுத் தேவைக்கு அம்பாசடர்தான் பொருத்தம். முன் சீட்டும் நீள பெஞ்சு. ஐந்து பேருக்கான வண்டியில் எட்டுப் பேர் ஏறிக் கல்யாணத்துக்குப் போகலாம். எந்தப் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி ஓட்டிவிடுவார்கள்.

மூன்றில் எது என்பதல்ல அன்றைய கேள்வி. எந்த க்யூ சீக்கிரம் நகரும் என்பதுதான். கார்களை யாருக்கு எந்த வரிசையில் விற்க வேண்டும் என்பதற்கே 1959ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை இருந்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசுக்கு ஒரு பங்கு முதலில் போய்விடும். முறை வந்து வண்டி கிடைத்ததும் உடனே விற்றால் வாங்கின விலையை விட அதிகம் கிடைக்கும். அதனால் வாங்கியவர் குறிப்பிட்ட காலம் வரை அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு. பழைய வண்டிக்குப் புது வண்டியை விட விலை கூட! காரை 'விலை இறங்கும் சொத்து' என்று பயந்தவர்களின் பேரப் பிள்ளைகள் காலத்தில் கணக்கே தலைகீழாகிவிட்டது.

இந்த க்யூ ஒன்றின் முன்முனையில் செட்டிநாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரம். பம்பாயில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் தயாரித்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அவருடைய குழுமத்தின் கைக்கு வந்தது. சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு இருக்கிற பெயர் இவருடையதுதான். பல்லத்தூரிலிருந்து வந்த முருகப்பா குடும்பம் 1949ல் சைக்கிள் தொழிலில் இறங்கியது. வண்டி வாங்கிய ஊர், வண்டி செய்யவும் ஆரம்பித்தது. கார் மட்டும் செய்யவில்லை.

ஜப்பானின் டேப்

1983 ஏப்ரலில் மாருதி முன்பதிவு திறந்தது. இரண்டே மாதத்தில் சுமார் 1,35,000 பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டினார்கள். இன்னும் ஒரு வண்டிகூட வெளியே வராத கம்பெனிக்கு! அந்த வருஷம் டிசம்பர் 14ஆம் தேதி முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500 ரூபாய்.

மாருதி 800 ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது? இந்தியக் குடும்பம் சின்னது என்பதால் இல்லை. ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வகைக் கார் உண்டு. குறிப்பிட்ட நீளத்துக்குள், குறிப்பிட்ட எஞ்சின் அளவுக்குள் இருந்தால் வரி குறைவு. 1976 விதிப்படி நீளம் 3.2 மீட்டருக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் 550 சி.சி.க்குள் இருக்க வேண்டும். சுசூகி அந்த விதிக்குள் அடக்கிச் செய்த உடம்பில், வெளிநாட்டுக்காக 796 சி.சி. எஞ்சினை வைத்தது. அதுதான் இங்கே வந்தது. எட்டுப் பேர் ஏறின அம்பாசடர் குடும்பம், ஜப்பான் வரிச் சட்டத்தின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டது.

சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி எதிர்த் திசையில் போனது. 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய கார். வெளியே இங்கிலாந்து ரோவரின் நாகரிக உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலும் குடிக்கும். சில வருஷங்களில் கம்பெனியே மூடப்பட்டது. தமிழ்நாட்டில் சொந்தமாகக் கார் செய்கிற கனவு அதோடு தூங்கிப்போய், 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவாகக் கொரிய மொழியில் கண் விழித்தது. நடுவில் 1991 தாராளமயமும், கார் தொழிலுக்கு 1993ல் லைசென்ஸ் நீங்கியதும் நடந்திருந்தன.

கானாடுகாத்தானின் டேப்

2006 பிப்ரவரி 28. நாடாளுமன்றத்தில் பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம். கானாடுகாத்தானில் பிறந்தவர், ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன், அப்போது சிவகங்கைத் தொகுதியின் எம்.பி. சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். சின்னக் கார் தயாரிப்புக்கு இந்தியாவை உலக மையமாக ஆக்குவது நோக்கம்.

சின்னக் கார் என்றால் எது? நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விளக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் புரியும். தொழிற்சாலை விலை 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 16 சதவீதத்தில் வரி 64,000. 24 சதவீதத்தில் 96,000. வித்தியாசம் 32,000 ரூபாய். 2008 பட்ஜெட்டில் அவரே சின்னக் கார் வரியை 12 சதவீதமாக இன்னும் இறக்கினார். அப்போது 48,000க்கும் 96,000க்கும் உள்ள வித்தியாசம், சரி பாதி! 4,001 மில்லிமீட்டர் நீளமுள்ள கார் ஒரு மில்லிமீட்டருக்காக 48,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். உலகத்திலேயே விலை உயர்ந்த மில்லிமீட்டர் இதுவாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் நடந்ததேதான் இங்கேயும் நடந்தது. எதை அளந்தார்களோ அதை வெட்டினார்கள். 2008ல் டாடா தன் இண்டிகோ காரின் டிக்கியை வெட்டி 'இண்டிகோ சி.எஸ்.' கொண்டுவந்தது. மாருதியின் டிசையர் 2008ல் வந்தபோது 4,160 மில்லிமீட்டர். 2012ல் புது டிசையர் வந்தபோது 3,995. பின்பக்கம் யாரோ கதவைச் சாத்தும்போது மாட்டிக்கொண்டது போல இருந்தது என்றால் மிகையில்லை. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013ல் 3,999 மில்லிமீட்டரில் வந்தது. ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்தார்கள்! எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்தபோது நீளத்தில் இழந்ததை உயரத்தில் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குத் தெருவெல்லாம் தெரிகிற குட்டையான, உயரமான ஜீப் மாதிரிக் கார்கள் பிறந்த கதையில் இந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு. தாத்தா குனியாமல் ஏற முடிந்தால், அதில் அந்த பட்ஜெட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்த விதி நல்லதா கெட்டதா? முதல் கார் வாங்குகிற குடும்பத்துக்கு அந்த 32,000 ரூபாய் பெரிய தொகை. பழைய பிளசர் காலத்தில் ஜில்லாவுக்குச் சில குடும்பங்கள் என்று இருந்ததை நடுத்தர வர்க்கம் வரை கொண்டுவந்ததில் சின்னக் காருக்குப் பங்கு உண்டு. ஆனால் டேப் நீளத்தையும் சி.சி.யையும்தான் அளக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது, எவ்வளவு புகை விடுகிறது, மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா, இதையெல்லாம் அளப்பதில்லை. 4.2 மீட்டர் நீளத்தில் சிக்கனமான, பத்திரமான ஒரு கார் வந்தாலும் அதற்குத் தண்டனைதான். எளிதாக அளக்க முடிவதை அளப்பது அதிகாரிகளுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுப்பது பின் சீட்டில் உட்காருகிறவரின் முழங்கால்.

விதி போட்டவர் பதவியிலிருந்து போன பிறகும் விதி போகவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 4,000, அதே 1,200, அதே 1,500 அப்படியே உள்ளே வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான புது ஜி.எஸ்.டி. விகிதத்தில் கோடு இன்னும் ஆழமாகிவிட்டது. கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். ஆட்சி மாறியது, வரியின் பெயர் மாறியது, டேப் மாறவில்லை.

சிங்கப்பூருக்குப் போன பங்காளிகளின் கதை இன்னும் கடுமை. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து செட்டியார்கள் கடன் கொடுத்த அந்த ஊரில், 1990 முதல் கார் வாங்குவதற்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தச் சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் டாலருக்குப் போனது. வண்டி தனி!

காரைக்குடியில் ஏலம் இல்லை, தவணைதான் இருக்கிறது. தவணை என்ற சொல்லும் செட்டிநாட்டுக்குப் பழக்கமானதே. பர்மாவில் செட்டியார் கடைகளில் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டு வைக்கிற பணத்துக்குத் தவணை என்று பெயர். அதாவது அது அவர்கள் கணக்கில் வாங்குவதும் கொடுப்பதுமாக ஓடிய பணம். இப்போது மாதாமாதம் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து போகிற பணத்துக்கு அந்தப் பெயர். கடன் கொடுக்கிற வரிசையிலும் அதே ஊர்ப் பெயர்கள்தான். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே சமயத்தில் கதவைத் திறந்த வங்கி. முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் 1978ல் தொடங்கி வண்டிக் கடனில் பெரிய பெயர் எடுத்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளையார்பட்டிக்குப் போகும். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். அம்பாசடருக்கும் அதே நாலு பழம்தான், 3,995 மில்லிமீட்டர் வண்டிக்கும் அதே நாலு பழம்தான்.

இப்போது அங்கே வருகிற வண்டிகளில் பச்சை நம்பர் பிளேட்டும் தென்பட ஆரம்பித்திருக்கிறது. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான், அதற்கு நீளக் கணக்கே கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற ஹூண்டாய் கிரெட்டா சுமார் 4.3 மீட்டர். பெட்ரோலில் ஓடினால் 40 சதவீதம், மின்சாரத்தில் ஓடினால் 5 சதவீதம். ஷோரூமில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. மதுரைக்குப் போய்த் திரும்ப ஒரு சார்ஜ் போதுமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.